உப்புக் கச்சேரியின் எட்டுக் கதவுகள்

உப்புக் கச்சேரிக்கு எட்டு அறைகள், எட்டுக் கதவுகள். எட்டுக்கும் நாதாங்கி வெளிப்பக்கம்தான். உள்ளே இருப்பவர் சாத்திக்கொள்ள ஒரு கொக்கிகூடக் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் அது உப்பு இலாகா ஆபீஸ்; கோரைப்பட்டினத்துக் கடற்கரையில் தானாக விளைந்து கிடந்த உப்பை அள்ளிய குற்றத்துக்கு ஜனங்களை அங்கேதான் அடைத்து வைத்தார்களாம். பிறகு அது ரேஷன் கிட்டங்கி ஆனது. புயல் வந்தால் மீனவக் குடும்பங்களை ஒதுக்கும் இடமானது. கடைசியில் வௌவால்களுக்கு விட்டுப்போனது. கதவுகளை மட்டும் யாரும் மாற்றவில்லை. பர்மாத் தேக்கு. அத்தனை வருஷம் உப்புக்காற்றைத் தின்றும் ஒரு பலகை விரியவில்லை.

அந்தக் கட்டடத்தை வீடற்றவர்கள் தங்கும் இடமாக மாற்ற அரசாங்கம் பணம் ஒதுக்கியபோது முத்தழகு அங்கே சித்தாள் வேலைக்குப் போனாள். முன்கட்டு நான்கு அறையும் இரவுக்கு ஒதுங்க வருகிறவர்களுக்கு. பின்கட்டு நான்கு அறையும், ஆறு மாதம் தங்கி, வேலை பார்த்து, ஒரு வாடகை வீடு பிடித்துப் போகிறவர்களுக்கு. பழைய கட்டடம் என்பதால் சிமெண்ட் கூடாது, சுண்ணாம்புதான் என்று மதுரையிலிருந்து வந்த ஆலோசகர் எழுதிக் கொடுத்திருந்தார். முத்தழகு சுண்ணாம்பு சலித்தாள். கடுக்காய்த் தண்ணீர் சுமந்தாள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கைகால் கழுவிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் மூடிக் கிடந்த பால் பூத்துக்குப் பின்னால் போய்ப் படுத்தாள். அவளுடைய வீடு அதுதான். இரண்டு வருஷமும் நாலு மாதமும் ஆகியிருந்தது.

அவளுக்கு ஊர் ஆர்.எஸ்.மங்கலத்துக்குத் தெற்கே ஒரு கண்மாய்க்கரைக் கிராமம். அய்யாவுக்கு நிலம் கிடையாது, நடவும் அறுப்பும்தான். பதினாறு வயதில், மேற்கே ஒரு நூல் மில்லில் மூன்று வருஷம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவார்கள் என்று புரோக்கர் ஒருவன் வேன் கொண்டுவந்து ஊர்ப் பெண்பிள்ளைகளை ஏற்றிப் போனான். முத்தழகும் போனாள். திரும்பி வந்து மாரீஸ்வரன் என்ற லோடு டிரைவருக்கு வாழ்க்கைப்பட்டாள். பதினோரு வருஷம் பிள்ளை இல்லை. அவன் திருப்பூரில் வேறொருத்தியோடு குடும்பமாகிவிட்டான் என்ற சேதி வந்த மாதமே, இளைய மகன் கல்யாணத்துக்கு வீடு வேண்டும் என்று சொல்லி மாமியார் இவளுடைய சட்டிபானையை வாசலில் எடுத்து வைத்தாள். தம்பி வீட்டில் மூன்று வாரம் இருந்தாள். நான்காவது வாரம் தம்பி பெண்டாட்டி சோறு போடும் சத்தமே மாறியதும் பஸ் ஏறிவிட்டாள்.

கோரைப்பட்டினத்தில் வேலை கிடைத்தது. வீடுதான் கிடைக்கவில்லை. பதினேழு வாசல் ஏறி இறங்கினாள். "புருசன் எங்க?" என்பார்கள். அவள் உள்ளதைச் சொல்வாள். "ஒத்தப் பொம்பளைக்கு விடுறதில்லம்மா" என்பார்கள். புருஷன் துபாயில் இருக்கிறான் என்று ஒரு பொய் சொல்லிப் பார் என்றார்கள் கூட வேலை பார்த்தவர்கள். "எனக்குச் செத்தவன அவ்வளவு தூரம் அனுப்பி வைக்க மாட்டேன்" என்றாள் முத்தழகு. அவள் சுபாவம் அது.

பஸ் ஸ்டாண்டில் அவளுக்குத் துணை லத்தீபா. ஐம்பத்தெட்டு வயது. அவர்கள் வழக்கப்படி மகளுக்குக் கல்யாணம் ஆனதும் வீட்டை மகள் பேருக்கு எழுதிக் கொடுத்தவள். அந்த மகள் மஞ்சள் காமாலையில் மவுத்தாகிவிட்டாள். மருமகன் மறுகல்யாணம் செய்துகொண்டான். தான் பிறந்த வீட்டில் தான் யார் என்று லத்தீபாவுக்குத் தெரியாமல் போயிற்று. இப்போது ஒரு மெஸ்ஸில் இடியாப்பம் பிழிகிறாள். விடிகாலை மூன்றரை மணிக்கு அங்கே அடுப்புப் பற்றவைக்க வேண்டும்.

உப்புக் கச்சேரி வேலைக்கு இன்ஜினியர் பர்வேஸ் என்ற இளைஞன். சொன்னால் காது கொடுப்பவன். ஒருநாள் குளியலறைச் சுவரைப் பூசிக்கொண்டிருந்தபோது முத்தழகு கேட்டாள்.

"சார், இதுக்குக் கதவு இல்லயா?"

"பிளான்ல தடுப்புச் சுவர் மட்டும்தான்க்கா இருக்கு."

"தடுப்புச் செவத்த நம்பி எந்தப் பொம்பள சேலையக் கழட்டுவா?"

பர்வேஸ் அதை நோட்டில் குறித்துக்கொண்டான். மறுவாரம் கதவு வந்தது. அதற்கப்புறம் அவள் விடவில்லை. ஈரத்துணி போட உள்ளேயே ஒரு கொடி வேண்டும் என்றாள். ஆளுக்கொரு சின்ன அலமாரி வேண்டும், பூட்டு வைத்து.

"வேலைக்குப் போறப்பல்லாம் எங்க மூட்டையத் தலையில தூக்கிக்கிட்டா அலையுறது?"

"எங்க மூட்டைனா? யாரு மூட்டை?"

"இது யாருக்குக் கட்டுறீக சார்? வீடு இல்லாதவகளுக்குத்தான? அது நாந்தான்."

"அக்கா, நீங்க தினம் வேலைக்கு வாரீங்களே" என்றான் பர்வேஸ்.

"வேலை இருக்கு சார். வீடுதான் இல்ல."

அலமாரிகள் வந்தன. பின்கட்டில் ஓர் அறை லத்தீபாவுக்கும் தனக்கும் என்று முத்தழகு மனசுக்குள் முடிவு செய்து வைத்திருந்தாள். கடல் பக்கத்து அறை. அந்தச் சுவரை மட்டும் இரண்டு கை கூடுதலாகத் தேய்த்து மெழுகினாள்.

மாசி மாதம் மேஸ்திரி அவளிடம் உப்புத்தாளும் எண்ணெய்க் கிண்ணமும் கொடுத்து, எட்டுக் கதவு நாதாங்கிக்கும் துரு எடுக்கச் சொன்னார். ஆட்காட்டி விரல் தடிமனுக்கு இரும்புச் சங்கிலி. நிலையில் அதை மாட்ட ஒரு கொண்டி. கொண்டியில் பூட்டுத் தொங்க ஓட்டை.

"இதெல்லாம் கழட்டப்போறதில்லையா மேஸ்திரி?"

"கழட்டவா? ராத்திரி எட்டு மணிக்கு இதப் போட்டுத்தான் பூட்டப்போறாக. காலையில ஆறுக்குத்தான் தொறப்பாக. கூட்டத்துல பேசி முடிச்சாச்சு."

கூட்டம் முந்தின வாரம் பேரூராட்சி அலுவலகத்தில் நடந்திருந்தது. எதிர்வீட்டு மருதுபாண்டி, ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், தெருக்காரர்கள் நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்திருந்தார். கண்டவர்களும் வந்து தங்கினால் தெருவில் பெண்பிள்ளைகள் நடமாட முடியாது என்று மனுவில் இருந்தது. செயல் அலுவலர் அம்மாவுக்கு மார்ச் முப்பத்தொன்றுக்குள் கட்டடத்தைத் திறந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஒதுக்கிய பணம் திரும்பிப் போய்விடும். இரவில் வெளியிலிருந்து பூட்டுவது, சாவி மருதுபாண்டி வீட்டில் இருப்பது என்று சமாதானம் ஆயிற்று. பழைய நாதாங்கி அப்படியே இருப்பதில் ஆலோசகருக்கும் சந்தோஷம். அந்தக் கூட்டத்துக்கு வீடில்லாதவர்களில் ஒருத்தரையும் கூப்பிடவில்லை.

முத்தழகு உப்புத்தாளைக் கீழே வைத்தாள். "இந்த வேலைய நான் பாக்க மாட்டேன்" என்றாள். மேஸ்திரி வேறு ஆளைப் போட்டார்.

அன்று சாயங்காலம் லத்தீபாவிடம் சொன்னபோது, அவள் தன்னைப்போலவே கொதிப்பாள் என்றுதான் முத்தழகு நினைத்தாள். லத்தீபா சேலை முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"பூட்டுனா பூட்டிட்டுப் போறாக புள்ள. தலைக்கு மேல கூரை இருக்குமுல்ல. சபூர் செய்யி, பொறுத்துக்க. நீ எதையாவது பேசி, கெடைக்கப்போறதையும் கெடுத்துறாத."

"மூணரைக்கு எப்பிடிக்கா அடுப்புப் பத்தவைப்ப? போஸ்ட்மாஸ்டரப் போயி எழுப்புவியா?"

"வேற வேலை பாத்துக்கிறேன்."

"எதுக்கு? அவுக ஒறக்கத்துக்காக ஒன் பொழப்ப விடணுமா?"

"ஒனக்கு முப்பத்திமூணு வயசு. எனக்கு முட்டி மடக்க முடியல. மழைக்கு இந்தப் பூத்துக்கு அடியில இன்னொரு வருசம் கெடந்தா நான் ஹயாத்தோட இருக்க மாட்டேன். அத நெனச்சுப் பாரு."

இரண்டு பேரும் அன்று முதுகைக் காட்டிப் படுத்தார்கள். காலையில் லத்தீபா வேலைக்குப் போகும்போது வழக்கமாகச் சொல்லும் சலாமும் இல்லை.

முத்தழகு செயல் அலுவலரைப் போய்ப் பார்த்தாள். மூன்று நாள் நடந்தபின் நாற்காலிக்கு எதிரே நிற்க ஐந்து நிமிஷம் கிடைத்தது. அந்த அம்மா கெட்டவர் இல்லை, களைத்துப்போனவர். "முதல்ல திறக்கட்டும்மா. அப்புறம் ஒவ்வொண்ணா மாத்திக்கலாம்" என்றார்.

"தொறந்ததுக்கு அப்புறம் யாரும் எதையும் மாத்த மாட்டாக மேடம். நான் கட்டட வேலை பாக்குறவ. எனக்குத் தெரியும்."

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம். வேலையாட்கள் வேப்பமரத்தடியில் சோற்றுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்தார்கள். வெல்டர் தன் கட்டிங் மிஷினைத் திண்டில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனான். முத்தழகு துண்டால் முகத்தை மூடிக் கட்டினாள். மிஷினை எடுத்தாள். முதல் கதவின் கொண்டி மேல் வைத்து அமுக்கினாள்.

தெருவே நடுங்குகிற மாதிரி ஒரு சத்தம். தீப்பொறி அவள் சேலையில் விழுந்தது. பழைய இரும்பு, லேசில் விடவில்லை. ஆனால் விட்டது. முதல் கொண்டி தரையில் விழுந்தபோது மேஸ்திரி ஓடி வந்து கத்திக்கொண்டிருந்தார். அவள் இரண்டாவதற்குப் போனாள். மிஷினோடு இருக்கிறவளைத் தொட யாருக்கும் தைரியம் இல்லை. எதிர்வீட்டு மருதுபாண்டி பனியனோடு வாசலுக்கு வந்து நின்றார். மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவது பாதியில் யாரோ மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார்கள். மிஷின் சுழன்று அடங்கியது.

அவள் அதை அவசரப்படாமல் கீழே வைத்தாள். அறுந்த ஐந்து கொண்டிகளையும், துரு எடுக்கக் கழற்றி வைத்திருந்த அவற்றின் சங்கிலிகளையும் சுண்ணாம்புச் சாக்கில் போட்டுத் தலையில் தூக்கிக்கொண்டு கடைத்தெரு வழியாகவே நடந்தாள். பேரூராட்சி அலுவலகத்தில் செயல் அலுவலரின் மேஜைமேல் சாக்கைக் கவிழ்த்தாள்.

"இத அறுத்தது நாந்தான். வேற யாரு பேரையும் சேக்காதீக. முத்தழகுன்னு எழுதிக்கங்க."

போலீஸ் வந்தது. அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்திய வழக்கு. ஸ்டேஷனில் ரைட்டர் பேரை எழுதினார், தகப்பன் பேரை எழுதினார், முகவரி கேட்டார்.

"பஸ் ஸ்டாண்ட்."

"அப்படியெல்லாம் எழுத முடியாதும்மா. கதவு நம்பர் வேணும்."

"அப்ப உப்புக் கச்சேரின்னு எழுதுங்க. பின்கட்டு, கடல் பக்கத்து அறை. அங்கதான் இருக்கப்போறேன்."

ரைட்டர் பேனாவை வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுதினார்.

சாயங்காலம் பர்வேஸ் வந்து ஜாமீன் கையெழுத்துப் போட்டான். வெளியே வந்தபோது ஸ்டேஷன் படியில் லத்தீபா உட்கார்ந்திருந்தாள். அவளோடு மீன் ஏலக்கூடத்தில் பெட்டி சுமக்கும் நாகேந்திரனும், பஸ் ஸ்டாண்டுவாசிகள் இன்னும் நாலைந்து பேரும்.

"என்னக்கா, என்னையத் திட்ட வந்தியா?"

"ஆமா, திட்டத்தான் வந்தேன்" என்றாள் லத்தீபா. மடியிலிருந்து இடியாப்பப் பொட்டலத்தை எடுத்தாள். "மொதல்ல தின்னு. நீ போனப்புறம் நெனச்சுப் பாத்தேன். எம் மவ வீட்டுல இருந்து வெளிய வந்தப்ப ஒரு வார்த்த கேக்காம வந்தேன். அப்பவும் சபூருன்னுதான் சொல்லிக்கிட்டேன். ரொம்ப சபூராயிருச்சு புள்ள."

சித்தாள் வேலை போய்விட்டது. ஆனால் மேஜைமேல் கிடந்த சாக்கை யாரோ போட்டோ எடுத்துப் பத்திரிகையில் போட்டுவிட்டார்கள். அரசாங்கக் கட்டடத்துச் சாவி எதிர்வீட்டில் இருக்க எந்த விதியில் இடமிருக்கிறது என்று மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. செயல் அலுவலர் மறுபடியும் கூட்டம் போட்டார். இந்தத் தடவை பஸ் ஸ்டாண்டிலிருந்து பதினான்கு பேர் போனார்கள். கூப்பிட்டு அல்ல; தாங்களாகவே.

மருதுபாண்டி மரியாதையாகத்தான் பேசினார். "உங்க மேல எங்களுக்குக் கோவம் இல்லம்மா. எங்க வீடுகள்ல வயசுப்புள்ளைக இருக்கு. பயம் இருக்கத்தான் செய்யும்."

"பயம் எங்களுக்கும் இருக்கு அய்யா. எங்கள்லயும் பொம்பளைக இருக்கோம்" என்றாள் முத்தழகு. "சரி, ஒண்ணு செய்வோம். ஒங்க வீட்டுக் கதவ எட்டு மணிக்கு நான் வெளிய இருந்து பூட்டுறேன். சாவி என்ட்ட இருக்கட்டும். ஆறு மணிக்குத் தொறந்து விடுறேன். ஒரு வாரம் இருந்து பாருங்க. ஒங்களுக்குச் சரிப்பட்டுச்சுன்னா நாங்களும் இருக்கோம்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"எனக்குப் பதினெட்டு வயசுல மில்லு ஆஸ்டல்ல இருந்தேன். அங்கனயும் இப்பிடித்தான், ஒன்பது மணிக்கு வெளிய பூட்டு. எங்க பாதுகாப்புக்குன்னுதான் சொன்னாக. கமுதிப் பக்கத்துப் புள்ள ஒருத்தி, முருகலட்சுமின்னு பேரு. ராத்திரி வயித்து வலின்னு துடிச்சா. முப்பது பேரு கதவத் தட்டுனோம். சாவி வச்சிருந்த வார்டன் வீட்டுக்குப் போயிட்டாரு. காலையில ஆறு மணிக்குத்தான் தொறந்தாக. குடல்வால் வெடிச்சிருச்சுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாக. ரெண்டு நாள்தான் உசுரோட இருந்தா." அவள் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். "கதவத் தட்டுன கை இது. இன்னொருக்க உள்ள இருந்து தட்டாது."

நாகேந்திரன் எழுந்து, படகு கரைக்கு வருவது மூன்று மணிக்கு, ஆறு மணிக்குப் போனால் சுமக்கப் பெட்டி இருக்காது என்றான். லத்தீபா தன் அடுப்பைப் பற்றிச் சொன்னாள். முதல் கூட்டத்தில் வாயே திறக்காத பர்வேஸ் எழுந்து நின்றான். வெளியிலிருந்து பூட்டுகிற தங்குமிடத்துக்குத் தீயணைப்புத் துறை சான்றிதழ் தராது, அதை அன்றே சொல்லாதது தன் தப்பு என்றான். அவன் காதெல்லாம் சிவந்திருந்தது.

முடிவு முழுசாக முத்தழகு பக்கம் வரவில்லை. கதவுகளுக்கு உள்தாழ்ப்பாள் போட உத்தரவானது. ஆனால் வாசலில் ஒரு காவலாளி, இரவில் போகிறவர் வருகிறவர் கையெழுத்துப் போட ஒரு நோட்டு. மீதி மூன்று நாதாங்கிகளையும் பழமைக்காக விட்டுவைக்க வேண்டும் என்று ஆலோசகர் ஒற்றைக்காலில் நின்றார். மாட்ட முடியாதபடி அவற்றின் சங்கிலிக் கண்ணிகளை ஒன்றோடொன்று பற்றவைத்தார்கள். மருதுபாண்டி கடைசிவரை ஒப்பவில்லை. தன் காம்பவுண்டுச் சுவரை மூன்றடி உயர்த்தினார். உயர்த்திய கொத்தனாருக்குக் கையாள் வேண்டியிருந்தது. முத்தழகு போனாள். "ஒழுங்கா கூலி குடுத்தாரு" என்று பிற்பாடு சொன்னாள்.

மார்ச் முப்பதாம் தேதி பதினொரு பேர் குடியேறினார்கள். முத்தழகும் லத்தீபாவும் கடல் பக்கத்து அறைக்குப் போனார்கள். முதல் நாள் பகலில் லத்தீபா உள்தாழ்ப்பாளைப் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். முத்தழகு அதைப் பார்க்காததுபோல் சேலை மடித்துக்கொண்டிருந்தாள்.

ஆறு மாதம் முடிந்ததும் அறையை அடுத்தவருக்கு விட வேண்டும் என்பது விதி. முத்தழகு பெட்டியைக் கட்ட மறுத்தாள். "அனுப்புறவக வீட்டையும் காட்டி அனுப்புங்க. மறுபடி பால் பூத்துக்குப் போகவா இத்தன சுண்ணாம்பு சொமந்தேன்?" என்று செயல் அலுவலரிடமே கேட்டாள். வீட்டுக்காரர்களிடம் தங்குமிடத்தின் பேரில் ஆள் போய்ப் பேசுவது, நன்னடத்தைக் கடிதம் கொடுப்பது என்ற ஏற்பாடு அந்தச் சண்டையில் பிறந்ததுதான். எட்டாவது மாதம் லைன்வீட்டில் ஓர் அறை அமைந்தது. வீட்டுக்காரி சபியா கடிதத்தை இரண்டு தடவை படித்தாள்.

"புருசன்..." என்று ஆரம்பித்தாள்.

"இல்ல" என்றாள் முத்தழகு. "வாடகை இருக்கு."

சபியா சாவியைக் கொடுத்தாள். லத்தீபாவும் கூடவே வந்துவிட்டாள்.

வழக்கு மட்டும் முடியவில்லை. ராமநாதபுரம் கோர்ட்டுக்கு வாய்தா வாய்தாவாக பஸ் ஏறிப் போய்வந்தாள். இலவச சட்ட உதவியில் அமர்த்திய வக்கீல் மாஷிதா, கோர்ட்டு வராந்தாவில் அவளுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னாள்.

"குற்றத்த ஒத்துக்கிறேன்னு ஒரு வார்த்த சொல்லிருங்கக்கா. சின்ன அபராதத்தோட முடிஞ்சிரும். இல்லேன்னா வருசக்கணக்குல இழுக்கும்."

"அறுத்தேன்னு அன்னைக்கே சொல்லிட்டேனே."

"அறுத்தேன் வேற, குற்றம்னு ஒத்துக்கிறது வேற."

"அதத்தான் நானும் சொல்றேன்."

பேர் கூப்பிட்டார்கள். முத்தழகு கூண்டில் ஏறினாள். மாஜிஸ்திரேட் கேட்க வேண்டியதைக் கேட்டார். அவள் கை கட்டவில்லை, கம்பியையும் பிடிக்கவில்லை.

"அறுத்தது நாந்தான் அய்யா. அஞ்சு அறுத்தேன். கரண்ட நிறுத்தலேன்னா எட்டும் அறுத்திருப்பேன். குத்தம்னு ஒத்துக்க மாட்டேன்."

மாஜிஸ்திரேட் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்து எழுதினார். அடுத்த வாய்தா பதினெட்டாம் தேதி.

வெளியே வந்ததும் மாஷிதா தேதியைத் துண்டுச்சீட்டில் எழுதி நீட்டினாள். முத்தழகு அதைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள்.

"பதினெட்டு கான்கிரீட்டு போடுற நாளாச்சே. மத்தியானத்துக்கு மேலதான் வர முடியும்னு சொல்லி வைங்க" என்று சொல்லி, சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.